பிரேக் பேட் மாற்றச் சொல்கிறார்களா? 'எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?' என்று கேளுங்கள்

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள். பதினொரு மணி வாக்கில் சர்வீஸ் அட்வைசரிடமிருந்து போன் வரும். "சார், ஃப்ரண்ட் பிரேக் பேட் தேஞ்சிருக்கு. மாத்திடலாமா?"

இதற்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதிலைத்தான் சொல்கிறோம். "பிரேக் விஷயமாச்சே, மாத்திடுங்க" என்பது ஒன்று. "போன தடவையும் இதையேதான் சொன்னாங்க, பில்லை ஏத்தப் பார்க்கிறாங்க, அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்பது இன்னொன்று. முதல் பதிலில் பணம் வீணாகலாம். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து வரலாம். இரண்டுமே ஊகம்தான். காரின் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எடுக்கும் முடிவுகள்.

ஊகத்தைத் தவிர்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எத்தனை எம்எம் மிச்சம் இருக்கு?" பெங்களூரில் மெக்கானிக்கிடம் கன்னடத்தில் கேட்க வேண்டுமென்றால், "பிரேக் பேட் எஷ்டு எம்எம் இதே?" இந்தக் கேள்விக்கு வரும் பதில் ஒரு எண்ணாக இருக்க வேண்டும். "கம்மியாதான் இருக்கு சார்", "எழுபது பர்சென்ட் போயிடுச்சு" என்பதெல்லாம் பதில் இல்லை.

அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது, பெங்களூரில் கார் ஓட்டுபவர்கள் ஏன் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பக் கூடாது, லாங் வீக்கெண்டுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிரேக் பேட் என்ன வேலை செய்கிறது?

நீங்கள் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயில் வழியாக அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. அங்கே 'காலிப்பர்' என்ற இரும்புப் பிடி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது. பிடிக்கும் இடத்தில் இருப்பவைதான் பேட்கள். ஒரு சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து நான்கு பேட்கள் ஒரு செட்.

பேட் என்பது இரண்டு அடுக்கு. பின்னால் ஒரு இரும்புத் தகடு. அதன் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். தேய்வது இந்த உராய்வுப் பொருள் மட்டும்தான். டிஸ்க் வீணாகாமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் தேய்ந்து போகும்படி செய்யப்பட்ட பொருள் இது. பென்சில் தேய்வதைப் பழுது என்று சொல்ல மாட்டோம், இல்லையா? பேட் தேய்வதும் அப்படித்தான். தேய்ந்த பிறகும் ஓட்டுவதுதான் பழுதில் கொண்டுபோய் விடும்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பயணம் இருக்கிறது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தன் தாய் வீட்டுக்கு, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் கிளம்பினார் பெர்தா பென்ஸ். கார் வரலாற்றின் முதல் நெடுந்தூரப் பயணமாக இதைச் சொல்வார்கள். ஒரு வழிக்கு 100 கி.மீ.க்கு மேல். வழியில் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. ஒரு செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி, கட்டைகளின் மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். இன்றைய பிரேக் லைனிங்கின் முன்னோடி அந்தத் தோல்தான். அம்மா வீட்டுக்குப் போகும் வழியில், இறக்கத்தில், பிரேக் தேய்ந்தது என்ற இந்தக் கதை பெங்களூர்வாழ் தமிழர்களுக்கு ரொம்ப நெருக்கமானது. ஏன் என்று பின்னால் வருகிறது.

எத்தனை மில்லிமீட்டரில் மாற்ற வேண்டும்?

பெரும்பாலான கார்களில் புதிய முன் பேட்டின் உராய்வுப் பொருள் சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். பின்னால் உள்ள இரும்புத் தகட்டை இதில் சேர்க்கக் கூடாது. சில இடங்களில் தகட்டையும் சேர்த்து அளந்து சொல்வார்கள், அப்போது பேட் நன்றாக இருப்பது போலத் தெரியும். "தகடு இல்லாம எவ்வளவு?" என்று ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணைப் பொதுவாக இப்படிப் படிக்கலாம்.

6 மி.மீ.க்கு மேல்: கவலை இல்லை. மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

4 முதல் 6 மி.மீ.: ஓட்டலாம். ஆனால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் நடுவில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

3 மி.மீ.: மாற்றும் நேரம் வந்துவிட்டது.

2 மி.மீ. அல்லது குறைவு: தள்ளிப் போடக் கூடாது. வெளியூர்ப் பயணம் வேண்டவே வேண்டாம்.

உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலிலோ கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ உள்ள குறைந்தபட்ச அளவு இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். மாறினால் அதையே பின்பற்றுங்கள்.

'அனுமதிக்கப்பட்ட அளவு 2 மி.மீ.தானே, ஏன் 3-லயே மாத்தணும்?' என்று தோன்றலாம். மூன்று காரணங்கள். ஒன்று, நான்கு பேட்களும் ஒரே அளவில் தேய்வதில்லை. பல கார்களில் உள்பக்கப் பேட் வெளிப்பக்கத்தை விட வேகமாகத் தேயும். இரண்டு, பேட் மெலிய மெலிய வெப்பத்தைத் தாங்கும் பொருள் குறைகிறது. உருவாகும் சூடு சுலபமாகப் பின்னால் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போய்ச் சேருகிறது. மூன்று, முழுவதும் தேய்ந்தால் இரும்புத் தகடு டிஸ்க்கை நேரடியாகச் சுரண்டும். அப்போது பேட் செலவோடு டிஸ்க் செலவும் சேரும். டிஸ்க்தான் இரண்டில் விலை கூடியது.

கிலோமீட்டர் கணக்கை ஏன் நம்பக் கூடாது?

முன் பேட்கள் 30,000 முதல் 60,000 கி.மீ. வரை வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கவனித்தீர்களா? மேல் எண் கீழ் எண்ணைப் போல் இரண்டு மடங்கு. இவ்வளவு அகலமான கணக்கை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அதற்குக் காரணம், பேட் தேய்வது ஓடிய தூரத்தால் அல்ல, பிரேக் பிடித்த தடவைகளாலும் பிடித்தபோது இருந்த வேகத்தாலும்தான்.

இதில் பெங்களூரின் நிலை தனி. டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் குறியீட்டின்படி, இந்த நகரில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆகிறது. அந்த ஆண்டின் பட்டியலில் உலகின் மூன்றாவது மெதுவான நகரம் இது. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 17.5 கி.மீ. சில்க் போர்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் மாட்டுபவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

34 நிமிடத்தில், நிமிடத்துக்கு மூன்று முறை பிரேக் மிதிப்பதாக வைத்துக்கொண்டாலே 10 கி.மீ.க்கு 100 முறை ஆகிவிடும். நெடுஞ்சாலையில் அதே 10 கி.மீ.யை இரண்டு மூன்று மிதிகளில் கடந்துவிடலாம். ஓடோமீட்டரில் இரண்டும் ஒரே 10 கி.மீ.தான்.

அப்படியானால் நெடுஞ்சாலை பேட்டுக்கு நல்லதா? அதுவும் முழு உண்மை இல்லை. ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிரேக் சமாளிக்க வேண்டிய ஆற்றல், 20 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைப் போல் 25 மடங்கு. நகரத்தில் சின்னச் சின்னத் தேய்மானம் ஓயாமல் நடக்கிறது. நெடுஞ்சாலையில் எப்போதாவது ஒரு பெரிய அடி விழுகிறது. இந்த இரண்டும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. வாரம் ஐந்து நாள் ஒயிட்ஃபீல்டுக்குப் போய் வருபவரின் 30,000 கி.மீ.யும், வீட்டிலிருந்தே வேலை பார்த்து மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் வருபவரின் 30,000 கி.மீ.யும் ஒன்றாகாது.

உங்கள் காரின் கணக்கை நீங்களே போடுங்கள்

இரண்டு அளவுகள் இருந்தால் போதும், உங்கள் பேட் எப்போது தீரும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

உதாரணத்துக்கு, 10,000 கி.மீ.யில் பேட் 9 மி.மீ. இருந்தது, 20,000 கி.மீ.யில் 7 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10,000 கி.மீ.க்கு 2 மி.மீ. தேய்கிறது. அதாவது 1 மி.மீ.க்கு 5,000 கி.மீ. மாற்ற வேண்டிய 3 மி.மீ.க்கு இன்னும் 4 மி.மீ. இருக்கிறது. ஆக, இன்னும் சுமார் 20,000 கி.மீ. ஓடும். 'இந்த சர்வீஸ்லயே மாத்தணும்' என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இடது பேட் 7, வலது பேட் 4 என்று வந்தால் அது சாதாரணத் தேய்மானம் இல்லை. காலிப்பர் சறுக்கி நகர வேண்டிய பின் ஒன்று துருப்பிடித்தோ அழுக்கு சேர்ந்தோ இறுகியிருக்கலாம். அந்தப் பக்கம் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் பேட்டை மட்டும் மாற்றினால் புதுப் பேட்டும் அதே வேகத்தில் போய்விடும்.

எப்போது அளப்பது? பெரும்பாலான கம்பெனிகள் 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்று வைத்திருக்கின்றன. அந்த ஒவ்வொரு சர்வீஸிலும் நான்கு பேட்களின் அளவையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெங்களூர் டிராஃபிக்கில் தினமும் ஓட்டுபவர்கள் நடுவில் ஒருமுறை, அதாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. இதற்கென்று தனியாக அலைய வேண்டாம். டயர் ரொடேஷனுக்காக சக்கரத்தைக் கழற்றும்போது பேட் கண்ணெதிரே இருக்கும். இரண்டு நிமிட வேலை.

அலாய் வீல் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே, கம்பிகளுக்கு நடுவே போன் டார்ச்சை அடித்து வெளிப்பக்கப் பேட்டைப் பார்க்கலாம். ஆனால் உள்பக்கப் பேட் தெரியாது. வெளியே நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

பல சிறிய கார்களில் பின் சக்கரங்களில் டிஸ்க் இருக்காது, டிரம்தான் இருக்கும். அதில் தேய்வது 'பிரேக் ஷூ'. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்கள் எடுத்துக்கொள்வதால் ஷூக்கள் அதிக நாள் வரும். ஆனால் டிரம்மைக் கழற்றினால்தான் அவற்றைப் பார்க்க முடியும் என்பதால், யாரும் கேட்காவிட்டால் பல இடங்களில் கழற்றவே மாட்டார்கள். ஹேண்ட் பிரேக்கை முன்பை விட உயரமாக இழுக்க வேண்டியிருந்தால் பின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும் வழி எல்லாம் இறக்கம்

மேப்பில் தெரியாத ஒரு விஷயம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் சுமார் 280 மீட்டர். சென்னை கடலோரம். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக எந்த ஊருக்குப் போனாலும் மொத்தத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டுதான் போகிறீர்கள். அதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரி, நான்கு பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஐந்து நாள் டிராஃபிக்கில் தேய்ந்த பேட்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாயில் இந்த இறக்கம் செங்குத்தாகிறது. அடிக்கடி விபத்து நடக்கும் இடம் அது. 2024 ஜனவரியில் அங்கே கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று முன்னால் போன வாகனங்களில் மோதியதில் 4 பேர் இறந்தார்கள். பாரம் ஏற்றிய லாரிகளுக்கு ஆபத்து அதிகம்தான். ஆனால் அதே இறக்கத்தில் அதே வண்டிகளுக்கு நடுவேதான் உங்கள் காரும் போகிறது. மற்றவரின் பிரேக் உங்கள் கையில் இல்லை. உங்கள் பிரேக் சரியாக இருந்தால்தான் விலகவோ நிற்கவோ முடியும்.

ஊட்டி மாதிரி மலைப்பாதைகளில் சூட்டின் அளவு இன்னும் பெரியது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமார் 330. ஆட்கள், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்திலிருந்து கிட்டத்தட்ட 48 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அந்தச் சூட்டில் ஆறேழு குடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இதில் ஒரு பகுதியை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்குக்கு. இன்ஜினின் பங்கு எவ்வளவு என்பதை நீங்கள் போடும் கியர் தீர்மானிக்கிறது.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதை இன்னும் செங்குத்தானது. அதில் வெளியூர் வாகனங்கள் கீழே இறங்கத் தடை விதித்திருப்பதற்குக் காரணம் இந்தச் சூடுதான். மைசூரு, பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போகும் பெங்களூர்க்காரர்கள் திரும்பும்போது குறுக்கு வழி தேட வேண்டாம்.

இறக்கத்தில் பின்பற்ற வேண்டியவை சிலதான்.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடுக்கோ 'எல்' நிலைக்கோ மாற்றுங்கள்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடவே கூடாது. இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் உதவி முழுவதும் போய்விடும். உண்மையில் மிச்சமும் இல்லை. இன்றைய இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை நிறுத்திவிடும்.

பெடலில் காலை வைத்தபடியே வராதீர்கள். நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்து பிரேக்கை ஆற விடுங்கள்.

கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தை விட ஆழமாகப் போனாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

மறந்துபோகும் இன்னொரு விஷயம்: பிரேக் ஆயில்

பேட் புதிதாக இருந்தும் மலையில் பிரேக் கைவிடுவதுண்டு. காரணம் பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலைக்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3-க்கு இது 205-லிருந்து 140-க்கு இறங்குகிறது.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய், பெடல் தரை வரை இறங்கும். வண்டி நிற்காது.

அதனால் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி எத்தனை கி.மீ. ஓடியது என்பது இதில் இரண்டாம் பட்சம். எந்த வகை என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். இன்னொன்று: பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் தானாக இறங்கும். மட்டம் குறைந்திருந்தால், "கொஞ்சம் ஊத்திடலாம்" என்பதற்கு முன் பேட்டைப் பாருங்கள். கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சத்தத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

மிதிக்கும்போது 'கீச்' என்ற மெல்லிய சத்தம்: பல பேட்களில் ஒரு சிறிய உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேட் 2 மி.மீ. வாக்கில் வந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். தூசியாலும் இந்தச் சத்தம் வரலாம். ஆனால் தினமும் வந்தால் அந்த வாரமே காட்டுங்கள்.

'கரகர' என்று இரும்பு உரசும் சத்தம்: பேட் முடிந்துவிட்டது. ஓட்டுவதை நிறுத்துங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது: ஆயிலில் காற்றோ ஈரமோ, அல்லது கசிவு. உடனே பார்க்க வேண்டும்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது: டிஸ்க் சீராக இல்லை.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: ஒரு பக்கக் காலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை.

ராத்திரி மழை பெய்து, காலையில் முதல் இரண்டு மூன்று தடவை மட்டும் 'சர்' என்று வருகிறது: டிஸ்க்கில் படிந்த மேல்துரு. தானாகப் போய்விடும், பயப்பட வேண்டாம்.

அவசரமாக மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் 'டக டக' என்று அதிர்கிறது: அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அறிகுறி. காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும், தேய்ந்த பேட்டுக்கு மாற்று ஆகாது.

மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. முன் சக்கரம் என்றால் இரண்டு பக்கமும் நான்கு பேட்களும் சேர்த்து.

டிஸ்க்கின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துவதில் பயனில்லை, மாற்ற வேண்டும். அளவு இருந்தால் டிஸ்க்கை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'தேஞ்சு போச்சு' என்றது உண்மையா என்று கண்ணால் தெரிந்துவிடும்.

ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கி மெக்கானிக்கிடம் கொடுப்பதாக இருந்தால் பில் போடும் கடையில், அறியப்பட்ட கம்பெனியின் பேட்டை வாங்குங்கள். கார் கம்பெனி முத்திரைதான் வேண்டும் என்றில்லை. 1962-ல் தொடங்கப்பட்டு சென்னை பாடியில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா மாதிரி, கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து தரும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் விற்கின்றன. சந்தேகத்துக்கிடமான அளவு மலிவாக இருந்தால் போலியாக இருக்கலாம்.

வண்டி கைக்கு வந்ததும், நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். புதுப் பேட் போட்டதும் முதல் மிதி காலியாகப் போகும். பிறகு முதல் 200, 300 கி.மீ. வரை திடீர் பிரேக்கைத் தவிர்த்து மிதமாக ஓட்டுங்கள். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்து வர அவ்வளவு தூரம் வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேட் மாற்றி ராத்திரியே மலைக்குக் கிளம்புவது நல்ல திட்டம் இல்லை. ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.

எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்புவதால் பேட் மெதுவாகத் தேயும். ஆனால் அதிகம் பயன்படாத காலிப்பர் இறுகுவதும் டிஸ்க் துருப்பிடிப்பதும் இவற்றில் பிரச்சினை. மேனுவல் காரை விட்டு ஆட்டோமேட்டிக்குக்கு மாறியவர்களுக்கு நேர்மாறு. டிராஃபிக்கில் வண்டி தானாக ஊர்வதைப் பிரேக்கால் பிடித்தே நிறுத்துவதால், பேட் முன்பை விடச் சீக்கிரம் தேயலாம்.

இதையெல்லாம் யாரும் சோதிப்பதில்லையா?

சொந்தக் காருக்கு, இல்லை. புகைப் பரிசோதனை முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் கட்டாயம். பிரேக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சான்று கேட்பார்கள். டாக்சிகளுக்கு முதல் 8 ஆண்டுகளில் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. பிரிட்டனில் மூன்றாவது ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும், ஜெர்மனியில் முதலில் மூன்று ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சொந்தக் கார்களுக்கே பிரேக் உட்பட எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள்.

வாரன்டியும் பேட்டுக்குப் பொதுவாகப் பொருந்தாது, அது தேயும் பொருள். இன்ஷூரன்ஸும் தேய்மானத்துக்குப் பணம் தராது. ஆக, உங்கள் பேட்டின் அளவை 15 ஆண்டு எழுதி வைக்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். போனில் ஒரு நோட் போதும்: தேதி, ஓடோமீட்டர், நான்கு பேட்களின் மி.மீ., ஆயில் மாற்றிய மாதம். தேவையில்லாத வேலையைச் செய்து பில் போட்டார்கள் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போதும் இந்தக் குறிப்பும் ஜாப் கார்டும்தான் உங்கள் ஆதாரம்.

நோட்டில் இன்னொரு காரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அப்பா ஓட்டும் கார். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் எடுப்பார், ஆண்டுக்கு 3,000 கி.மீ. கூட ஓடாது. "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?" என்பார். அவருடைய பேட்டில் நிறைய மிச்சம் இருக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டு பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும், நின்ற வண்டியின் காலிப்பர் இறுகியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு காலை நேரம் ஒதுக்கி, அந்தக் காரின் சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.